ஊசியும் விரதமும் ஒரு பால் டின்னும்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கப்பல் டிக்கெட் கடையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலம் முழுவதும் நான் எழுதியது பயணிகளின் பெயரும் ஊரும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவன் புத்தி சொல்ல வந்துவிட்டானே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள், தப்பில்லை. கண் மங்கிப்போய் நான் வேலையை விட்டபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சின்ன முதலாளி கேட்டார். நேரில் நின்று பேசச் சொல்லவில்லையே என்ற நிம்மதியில் சரி என்றுவிட்டேன்.

டிக்கெட் எழுதுவதையும் சாமானுக்குச் சீட்டு ஒட்டுவதையும் நீங்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. உடம்பில் ஏற்கெனவே ஒரு கோளாறை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அவர்கள் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது மற்றவர்களைப் போலவேதான் இருப்பார்கள். உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவர்களும் பாடுபடுவார்கள்.

அதற்குக் காரணம் துறைமுகத்து டாக்டர் வரிசை. நம் கடை வேலை டிக்கெட்டோடு முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆட்களைச் சேர்த்து, ரயிலில் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், டாக்டர் பார்வையிடும் வரிசையில் நிறுத்தி, தோங்காங் படகில் ஏற்றி, நடு ஆற்றில் நிற்கும் கப்பலில் டெக்கில் இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டுத்தான் நாம் திரும்ப வேண்டும். இதில் நம் சனங்களை நடுங்க வைப்பது கடல் அல்ல, அந்த வரிசைதான். டாக்டர் ஒருவரைத் தனியே நிற்கச் சொன்னால் அவருடைய பயணம் போயிற்று என்று அர்த்தம். ஆகவே இருமல்காரர் இருமலை விழுங்குவார். காய்ச்சல்காரர் தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவார். அம்மையும் வாந்திபேதியும் கப்பலில் ஏறிவிடக் கூடாது என்றுதான் டாக்டர் பார்க்கிறார், மற்ற வியாதி எல்லாவற்றுக்கும் அவர் ஆளைத் திருப்புவதில்லை என்று யார் சொன்னாலும் எடுபடாது. அந்த நாளில் எனக்கே அது முழுதாகத் தெரியாது.

நான் சேர்ந்தபோது எங்களுக்கு மேலே ஒரு பெரிய கிராணி இருந்தார். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது. ஒருநாள் நான் ஒரு கிழவியிடம், "உடம்புக்கு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிழவி, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள். பெரிய கிராணி நாற்காலியில் இருந்தபடியே, "பாட்டி, கப்பல்ல எந்த எடம் வேணும்?" என்றார். "அடுப்புப் புகை வராத எடமாப் பாத்துக் குடுய்யா, ராத்திரியில மூச்சு இழுக்கும்" என்றாள் அதே கிழவி. அவள் போன பிறகு பெரிய கிராணி என்னிடம் சொன்னார்: "வியாதியைக் கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டான். எடத்தைக் கேளு. எடத்தைச் சொல்லும்போது வியாதியும் கூடவே வந்துடும்."

இன்னொன்றும் அவர் சொன்னதுண்டு. வரிசையில் யாராவது தள்ளாடினால், திட்டுவதற்கு முன்னால் கிட்டப் போய் மூச்சை முகர்ந்து பார் என்பார். அதை நான் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

இனி மாணிக்கத்தின் கதைக்கு வருகிறேன்.

மாணிக்கம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். நாகப்பட்டினத்துக்கு டெக் டிக்கெட் கேட்டு வந்தார். ஒல்லியான ஆள். நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டும். சட்டை அவருடைய அண்ணனுடையது போலத் தொளதொளவென்று இருந்தது. நான் வழக்கப்படி எந்த இடம் வேண்டும் என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார்.

"தண்ணித் தொட்டி பக்கமாக் கெடைக்குமா, கிராணி? கக்கூசும் ரொம்பத் தூரமா இருக்கக் கூடாது."

"சர்க்கரை வியாதிங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"கிஞ்சிங் மானிஸ்தான்," என்றார், மலாயில் சொன்னால் பாதி மறைந்துவிடும் என்பது போல. "ஊசி போட்டுக்கறேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆஸ்பத்திரியில கத்துக் குடுத்தாங்க, நானே போட்டுக்குவேன். இப்ப ஒடம்பு தேவலை. ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சா எறக்கி விட்டுருவாங்க. நீங்க வாயத் தெறந்துடாதீங்க."

பிறகு, நான் கேட்காமலே, விஷயத்தைச் சொன்னார். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே இருக்கிறார். பெண் குழந்தை. இரண்டு தடவை லீவு கிடைத்தும் இரண்டு தடவையும் இந்த வியாதி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது. இப்போது குழந்தை ஓடியாடிப் பேசுகிறது. இன்னும் அப்பன் முகம் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் தங்கையை அனுப்புகிற பேச்சே வேண்டாம் என்று மைத்துனர் சொல்லிவிட்டாராம்.

"இந்தக் கப்பல் போச்சுன்னா எனக்குக் குடும்பமே போச்சு, கிராணி," என்றார்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமான காரியம். அதனால் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தேன்.

பயண நாளன்று காலையில் கோலாலம்பூர் நிலையத்தில் ஆட்கள் கூடினார்கள். நம் சனங்களுக்கு அந்த நாளில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் ஏறும் நாளில் வயிறு காலியாக இருந்தால் வாந்தி வராது என்பது பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் மனப்பாடம். அதோடு, நல்லபடி ஊர் போய்ச் சேர வேண்டும் என்று பலர் சாமிக்கு விரதமும் இருப்பார்கள். கப்பல் நகர்ந்து கரை விலகிய பிறகுதான் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். ஒரு ரயில் பெட்டி நிறையப் பட்டினிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவது எங்களுக்குப் பழக்கம்தான்.

அன்றைக்கு அந்தப் பெட்டியில் விரதம் இல்லாதவர் ஒரே ஒருவர். பேச்சாயி அக்கா. பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டி விற்பவர். தம்முடைய அக்காளின் பேரனுக்குக் காது குத்த ஊருக்குப் போகிறார். உட்கார இடமில்லாததால் மாணிக்கத்தின் தகரப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு, வெற்றிலை போடுவதும் இடையிடையே வடை தின்பதுமாக வந்தார்.

"ஒரு வடை தின்னு தம்பி. மொகமே வாடிக் கெடக்கு."

"வேணாங்க்கா. பத்துமலை முருகனுக்கு வேண்டியிருக்கேன். கப்பல் நகர்ற வரைக்கும் தண்ணி மட்டுந்தான்."

"நான் யாருக்கும் வேண்டிக்கல. வாந்தி வந்தாக் கடலுக்குத்தானே போகுது. கடலென்ன எங்கிட்ட வந்து கோவிச்சுக்கவா போகுது?"

பெட்டியே சிரித்தது. மாணிக்கமும் சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்த எங்கள் யாருக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

துறைமுகத்தில் பெரிய சாமான்களை முதல் தோங்காங்கில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டோம். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தகரக் கொட்டகை. வெயில் ஏறிவிட்டது. டாக்டர் கொட்டகையின் மறுகோடியில் மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கண்ணையும் நாக்கையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில் மாத்தாக்காரர், அதாவது போலீஸ்காரர், வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையின் நடுவில் சலசலப்புக் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். மாணிக்கம் முன்னால் நின்றவர் மேல் சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தார். "தள்ளி நில்லுய்யா" என்று அவர் சொன்னதற்கு, மாணிக்கம் தம் சுபாவத்துக்கே பொருந்தாத ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நாக்குக் குழறியது.

"நல்லா இருக்குடா ஒன் விரதம்," என்றார் பேச்சாயி அக்கா. "வடை வேணாம், கள்ளு வேணுமா? எங்க ஒளிச்சு வச்சுக் குடிச்சே? எனக்கும் ஒரு வாய் குடுத்திருக்கலாம்ல?"

மாத்தாக்காரர் வந்து மாணிக்கத்தின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "மாபோக், மாபோக்" என்றார். குடித்திருக்கிறான் என்று. குடித்தவனைத் தோங்காங்கில் ஏற்றக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. தண்ணீரில் விழுந்தால் யார் பதில் சொல்வது? அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பு என்று என்னிடம் கைகாட்டினார்.

எனக்குப் பெரிய கிராணி சொன்னது ஞாபகம் வந்தது. கிட்டப் போய் அவர் வாயருகே முகர்ந்து பார்த்தேன். கள் வாடை இல்லை, சாராய வாடையும் இல்லை. தோளைத் தொட்டேன். சட்டை பிழிந்து எடுத்தது போல நனைந்திருந்தது. அந்த வெயிலில் உடம்பு சில்லென்று இருந்தது. கை உதறிக்கொண்டிருந்தது. "மாணிக்கம், நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். "என் பெட்டிய எடுக்காதே" என்று சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளினார்.

வரிசையில் இருந்த இரண்டு ஆட்கள் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்கள். "கிராணி, நாங்க ரெண்டு பக்கமும் புடிச்சுக்கறோம். டாக்டர் முன்னால ஒரு நிமிஷம் நிமித்தி வச்சாப் போதும். கப்பல்ல படுக்கப் போட்டாத் தானாத் தெளிஞ்சிரும்."

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும், தம்பிகளே. அந்த யோசனை அப்போது எனக்கு இனிப்பாக இருந்தது. அதன்படி செய்தால் என் வாக்கும் தவறாது, அவருடைய பயணமும் தவறாது, நான் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதும் இல்லை. அல்லது மாத்தாக்காரர் சொன்னபடி ரயிலில் ஏற்றி அனுப்பிவிடலாம். அதிலும் எனக்குப் பழி இல்லை. இந்த இரண்டில் எதைச் செய்தாலும் சாயங்காலம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன், அவர் இறந்துபோன செய்தி வரும் வரைக்கும்.

எனக்கு வியாதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இது குடியில்லை, இந்த மனிதர் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளி, அது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நான் சொல்லாவிட்டால் அதை யாரும் சொல்லப் போவதில்லை.

கொட்டகையின் மறுகோடிக்கு ஓடினேன். டாக்டர் யாரோ ஒருவரின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா" என்றேன். குரல் வரவில்லை. மறுபடி, "ஐயா" என்றேன். இந்தத் தடவை கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. "அங்க ஒருத்தருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கறவரு. விழப் போறாரு."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இமையை விட்டுவிட்டு எழுந்தார். நடந்துகொண்டே கேட்டார்.

"இண்டைக்கு ஊசி போட்டவரோ?"

"தெரியலைங்க."

"காலமை சாப்பிட்டவரோ?"

"இல்லீங்க, விரதம்."

டாக்டரின் நடை ஓட்டமாக மாறியது.

அதற்குள் மாணிக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. டாக்டர் மண்டியிட்டு நாடி பிடித்தார், கன்னத்தில் தட்டினார், சட்டைக் கையை உயர்த்தினார். புஜத்தில் புதிதாக ஊசி குத்திய புள்ளி இருந்தது.

"சீனி வேணும். கெதியாக் குடுங்கோ. சீனி, சர்க்கரை, எதெண்டாலும் சரி."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேச்சாயி அக்காளின் கைப்பையில் ஒரு பால் டின் இருந்தது. கப்பல் கோப்பிக்கு என்று வாங்கிய இனிப்புப் பால். ரயிலிலேயே அதைத் துளைத்து நக்கிப் பார்த்திருந்தார். எல்லோருக்கும் அது தெரியும். அவர் பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பா? என்ன டாக்டரய்யா, கொல்லப் பாக்கறீங்களா? பேச்சாயி பாலைக் குடுத்துத்தான் செத்தான்னு நாளைக்கு ஊரு பேசவா? நான் தர மாட்டேன்."

உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

டாக்டர் கோபப்படவில்லை. கையை மட்டும் நீட்டினார். "அக்கா, ஊசி இவற்ற ரத்தத்தில இருந்த சீனியை எல்லாம் திண்டுட்டுது. வயித்துக்கயும் ஒண்டும் இல்லை. இப்ப சீனி இல்லாமல்தான் சாகிறார். தாரும்."

பேச்சாயி அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு டின்னைக் கொடுத்தார்.

டாக்டர் பாலை விரலில் எடுத்துக் கன்னத்துக்குள் தடவினார். மாணிக்கம் அதை விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்தார். விழுங்கினார். மறுபடி தடவினார். பிறகு யாரோ வெந்நீர் கொண்டுவர, அதில் பாலைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நான் பக்கத்தில் முழங்கால் போட்டு அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். வரிசை கலைந்து எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். மாத்தாக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நடுக்கம் நின்றது. பிறகு கண் யாரையோ தேடியது. வாயைத் துடைத்துக்கொண்டு மாணிக்கம் கேட்ட முதல் வார்த்தை இது:

"தோங்காங் போயிருச்சா?"

பேச்சாயி அக்காளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "போகலடா பாவி. என் பாலுதான் போயிருச்சு."

மாணிக்கம் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "சொல்லிட்டீங்களா, கிராணி" என்றார். அதில் கோபம் இல்லை. எல்லாம் முடிந்தது என்கிற குரல்.

டாக்டர்தான் பேசினார். "ஊசிக்குப் பிறகு சாப்பிட வேணும் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லேல்லையோ?"

"சொன்னாங்கய்யா. ஊசியத் தவற விடக் கூடாதுன்னும் சொன்னாங்க. விரதத்தையும் தவற விடக் கூடாது. இன்னைக்கு ஒருநாள்தானேன்னு ரெண்டையும் காப்பாத்தினேன்."

"ரெண்டும் சேந்து உம்மைக் காப்பாத்த மறந்துபோச்சுது. எனக்கு ஏன் முதலே சொல்லேல்ல?"

"சொன்னா எறக்கி விட்டுருவீங்கன்னு…"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இதில இருக்கிறது அம்மை மாதிரி ஒட்டுற வருத்தத்தைப் பாக்க. உமக்கிருக்கிறது ஆருக்கும் ஒட்டாது. காலமை வந்து சொல்லியிருந்தால், விரதத்தை விடும், ஒரு கோப்பை கஞ்சி குடியும் எண்டு சொல்லி அனுப்பியிருப்பன். அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தை தெரியாமல் எத்தனை பேர் எத்தனை காலம் இருமலை விழுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப போகலாமாய்யா?" என்றார் மாணிக்கம்.

"பின்னேர ஊசிக்கு மருந்து எங்கை? காட்டும், பாப்பம்."

மாணிக்கம் தலை குனிந்தார். மருந்துப் புட்டியையும் ஊசிப் பெட்டியையும் டாக்டர் கண்ணில் படக் கூடாது என்று தகரப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டார். அந்தப் பெட்டி முதல் தோங்காங்கில் கப்பலுக்குப் போய்விட்டது. கப்பலின் அடித்தளத்தில் இறக்கி மூடிவிட்டால் நாகப்பட்டினத்தில்தான் திறப்பார்கள்.

"ஊசி இல்லாமல் உம்மைக் கடலுக்கு அனுப்பேலாது," என்றார் டாக்டர். "அது கையில இருந்தால் போம். இல்லையெண்டால் வீட்டை போம். கிராணி, நீர் கப்பலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தால் இவரை ஏத்தும். கிடைக்காட்டில் அதே தோங்காங்கில திருப்பிக் கொண்டு வாரும். உம்மை நம்பித்தான் கையெழுத்துப் போடுறன்."

அவர் என்னை நம்பினார். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மாணிக்கத்தையும் பேச்சாயி அக்காளையும் கூட்டிக்கொண்டு தோங்காங்கில் ஏறினேன். வழியெல்லாம் பேச்சாயி அக்கா கட்டுச்சோற்றை உருட்டி உருட்டி மாணிக்கத்தின் கையில் வைத்தார்.

"விரதம் போச்சேக்கா," என்றார் மாணிக்கம்.

"பாலுதானேடா குடிச்சே. முருகன் என்ன, பாலு குடிக்காத சாமியா? கொடம் கொடமாக் குடிக்கிறவரு, ஒரு டின்னுக்கா கோவிச்சுக்குவாரு? தின்னு."

கப்பலில் சாமான் குழி இன்னும் திறந்திருந்தது. ஆனால் அங்கே மலைபோலப் பெட்டி குவிந்திருந்தது. கூலிகளுக்குத் தலைவரான செராங்கு, "இதுல எதைன்னு தேடுறது? பாதிப் பெட்டி பச்சை, மீதிப் பெட்டியும் பச்சை," என்று கையை விரித்தார். மாணிக்கத்துக்கு இன்னும் தலை தெளியவில்லை. அடையாளம் சொல்லத் தெரியாமல் விழித்தார்.

"நான் சொல்றேன்," என்றார் பேச்சாயி அக்கா. "மூடியில சுண்ணாம்புக் கறை இருக்கும். ரயில்ல அது மேல உக்காந்துதான் வெத்தலை போட்டேன். வெரலத் தொடச்சதும் அதுலதான்."

செராங்கு சிரித்துவிட்டார். இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். பெட்டி ஒன்று ஒன்றாகப் புரட்டினார்கள். நான் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பும் தோங்காங் மணியடித்தது. மறுபடி அடித்தது. அப்போது கீழேயிருந்து ஒருவர், "சுண்ணாம்பு" என்று குரல் கொடுத்தார்.

டெக்கில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். மேலாக மூன்று சின்னக் கவுன்கள் இருந்தன. மூன்றும் ஒரே துணி, மூன்று அளவு. மகளின் அளவு தெரியாததால் மூன்று விதமாகத் தைத்து வாங்கியிருக்கிறார். பேச்சாயி அக்கா அவற்றை மெதுவாக எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அடியில், மருந்து சூடேறாமல் இருக்க ஈரத் துணி சுற்றிய ஒரு சின்ன மண் சட்டிக்குள், மருந்துப் புட்டி உடையாமல் இருந்தது. ஊசிப் பெட்டியும் இருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். கப்பல் டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் இறங்கும்போது பேச்சாயி அக்கா எழுந்து நின்று, டெக்கில் பாய் விரித்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா இருக்காரே, இந்தத் தம்பிக்குக் கிஞ்சிங் மானிஸ். நாக்குக் கொழறினா, தள்ளாடினா, குடிச்சிருக்கான்னு எட்டி ஒதைச்சுடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் தூங்கினா எழுப்புங்க. எழுந்திருக்கலைன்னா பையில பால் டின் இருக்கு, நீங்களே குடுங்க. மீதியக் குடிச்சுடாதீங்க."

மாணிக்கம் வெட்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அவ்வளவு பாடுபட்டு ஒளித்த வியாதி கப்பல் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இனி அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். தோங்காங்கில் கரைக்குத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வியாதிக்காரர் பயணம் போகக் கூடாது என்று சொல்ல நாம் யார்? மாணிக்கம் போனதில் தவறே இல்லை. ஒளித்ததுதான் ஆபத்து. மருந்தைச் சாமான் குழிக்கு அனுப்பாதீர்கள், எவ்வளவு சின்னப் புட்டியானாலும் அது அவருடைய கையோடு போக வேண்டும். நல்ல உடம்புக்காரர்களுக்கு என்று ஏற்பட்ட வழக்கம், காலி வயிறோ விரதமோ எதுவானாலும், வியாதிக்காரருக்குப் பொருந்துமா என்று அவருடைய டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்களாக ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். டெக்கில் பக்கத்துப் பாயில் படுக்கப்போகிற ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சாயி அக்காளைப் போல வாய் உள்ளவராக இருந்தால் நல்லது.

இன்னொன்று. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று பயணியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் நாம் சேர்ந்து போய்ச் சொல்லலாம் என்று கூறுங்கள். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன். அந்த டாக்டர் அங்கே இருந்த காலம் வரை, நான் கூட்டிப்போன ஒருவரையும் நீடித்த வியாதிக்காகத் திருப்பி அனுப்பியதில்லை.

லீவு முடிந்து மாணிக்கம் மனைவியோடும் மகளோடும் திரும்பி வந்தார். துறைமுகத்தில் நான்தான் எதிர்கொண்டேன். குழந்தை நடு அளவுக் கவுனைப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. என்னைப் போலவே கூச்சக்காரக் குழந்தை. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஊருக்குக் கப்பல் ஏறியதற்கு மறுநாள் நடந்ததாக மாணிக்கம் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன். கப்பல் பினாங்கில் நின்றது. பேச்சாயி அக்கா கரைக்கு இறங்கிப்போய் இன்னும் இரண்டு பால் டின் வாங்கி வந்தாராம்.